தாய் அச்சில் ஒரு பள்ளம்

என் மகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் ஒரே புலம்பல். "ஹெட்டர் ஃபைலையெல்லாம் தனி ஃபோல்டர்ல வச்சிருக்கோம்மா, மத்த கோடெல்லாம் வேற ஃபோல்டர்ல. ஹெட்டர்ல ஒண்ணு திருத்தினா, அதை எடுத்துக்கிற எல்லா ஃபைலையும் மறுபடி பில்ட் பண்ணணும். ஒருத்தன் பண்ணாம வுட்டுட்டான். திருத்தினப்புறமும் பழைய தப்பே வந்துகிட்டு இருக்குது." பாதி எனக்குப் புரியவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் வேலைக்குப் போனோம். அக்காவும் நானும் அச்சு எடுக்கும் கொட்டகையில். அம்மாவுக்கு, அச்சிலிருந்து வந்த ஈரப் பொம்மையை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை. தாய் அச்சுகளுக்கென்று தனி அறை, பூட்டு. சாவி சூப்பர்வைசர் இடுப்பில். தாய் அச்சு என்றால் பிளாஸ்டரில் செய்த பொம்மையின் உருவம். அதன்மேல் சோப்புத் தண்ணீர் பூசி, மறுபடி பிளாஸ்டர் ஊற்றி எடுப்பதுதான் வேலை அச்சு. அது வார்ப்புக் கொட்டகைக்குப் போகும். அதில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பார்கள்.

ரெட்டைச் சடைச் சிறுமி பொம்மைக்குத் தாய் அச்சு எடுத்தது அக்கா. அவளுக்கு எதிலும் அவசரம்தான். பிளாஸ்டர் இறுகுவதற்குள் தூக்கிவிட்டாள். பிடரியில், இரண்டு சடைக்கும் நடுவே, அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது. "பின்னாடிதானே, யாரு பாக்கப் போறாங்க" என்று சிரித்தாள். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் கை ஒரே அளவு. அவள் கழற்றி வைத்த வளையலை அம்மா எனக்குப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு, துடைக்க வரும் ஒவ்வொரு சிறுமியின் பிடரியிலும் அம்மா கொஞ்ச நேரம் விரலை வைத்திருப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

பள்ளத்தில் பெயிண்ட் தேங்கிக் கறுக்கிறது என்று கடைக்காரர்கள் குறை சொன்னார்கள். பெயிண்ட் பகுதியிலிருந்து அப்போதுதான் மாறி வந்திருந்த சூப்பர்வைசர் தாய் அச்சை என் முன்னால் வைத்தார். "ஏம்மா, இதை அடைச்சிடு." கொஞ்சம் பிளாஸ்டர் வைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். டீ ஆறுவதற்குள் அக்காவின் விரல் இல்லாமல் போனது. அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பள்ளம் வந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் தாய் அறையைத் திறந்து பார்ப்பார், பிடரி வழவழவென்றிருக்கும். வார்ப்புக் கொட்டகைக்கு ஓடுவார். அங்கே பொம்மையில் பள்ளம். தாய் அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்திராத வார்ப்புக்காரர்கள், "செத்தவ வந்து அமுக்கிட்டுப் போவுறா" என்று பேசிக்கொண்டார்கள். செவ்வாய், வெள்ளியில் அந்தப் பொம்மையைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். என் அக்காவைப் பேயாக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தாயை மட்டும் திருத்துனா எப்பிடிங்க? பள்ளத்தோட எடுத்த வேலை அச்சுதானே அங்க இன்னும் ஓடுது" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அன்றைக்கே பழைய அச்சுகளையெல்லாம் உடைக்கச் சொன்னார். புதிதாக எடுத்த ஒவ்வொன்றையும் நானே தடவிப் பார்த்து அனுப்பினேன்.

அதில் வந்த முதல் சிறுமியின் பிடரியில் அம்மா விரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காய வைத்திருந்த பலகையில் பார்க்கிறேன், பள்ளம். எல்லாப் பிடரியிலும். வார்ப்புக்காரர்கள் சொன்னது நிஜம்தானோ என்று அந்த நேரத்தில் நானும் நம்பிவிட்டேன். நேரே அம்மாவிடம் ஓடினேன். அவள் ஒரு சிறுமியைத் துடைத்து முடித்து, திருப்பி, இரண்டு சடைக்கும் நடுவே, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல நிதானமாகக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வேலை போயிடும்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அடைச்சது நீதானாடி?"

"ஆமாம்மா."

அடுத்த பொம்மையைத் துடைத்தாள். பிடரி தெரியும்படி என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என் விரலு பெருசா இருக்குது. நீ வையி."

வைத்தேன். அக்காவின் விரல் அப்படியே விழுந்தது.