எங்கள் தோட்டக் குழுவை விட்டுப் போனவர்கள்

என் ரோசாக் கண்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். கந்தோர் வேலையால் வந்து, உடுப்பு மாற்ற முன்னமே வளவுக்குள் இறங்கி, கருகின இலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மன்னார்த் தீவின் மணலிலும் உப்புக் காற்றிலும் என்னைப்போல் அவதிப்படுகிற இன்னும் கொஞ்சப் பேர் இருப்பார்கள், அவர்களோடு கதைக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் வேலை செய்கிறவள் தன் கோயில் பாடகர் குழுவுக்கு அதன் இணைப்பை அனுப்பினாள். அவர்கள் தங்கள் சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமைக்குள் தீவிலிருந்தும் பெருநிலப்பரப்பு ஊர்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கீரிக் கிராமத்திலிருந்து ஒருவர் முருங்கைப் பூவைப் போட்டார். யாரோ பழைய வாளியில் முளைத்த பாகற்கொடியைப் போட்டார்கள். சமைக்கும்போதுகூட ஃபோனைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மாரி முடிவதற்குள் குழு அடங்கிவிட்டது. ஒருவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. நான் போடுகிற படத்தை எல்லாரும் பார்த்ததற்கு அடையாளம் விழும், பதில் மட்டும் வராது. விடாமல் எழுதியவர் ஒருவர்தான். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைக் கேட்டாலும் நீளமாகப் பதில் எழுதுவார். அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும்.

குழுவை எழுப்ப எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். காலையில் கேள்வி கேட்டேன். அழகான பூவுக்குப் பரிசு என்று போட்டி வைத்து, நல்ல பூச்சாடி ஒன்றும் வாங்கி வைத்தேன். படங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒரு ரோசாவுக்குப் பின்னால் வேலி முழுக்கப் பனி உறைந்து கிடந்தது. மன்னாரில் எந்த வளவில் பனி கொட்டினது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. போட்டி முடிந்த மறுநாள் குழு பழையபடி ஆகிவிட்டது. பூச்சாடி என் குசினி வாசலிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவின் பழைய பேச்சுகளை மேலே தள்ளித் தள்ளி வாசித்தேன். பள்ளிமுனையில் இருக்கிற ஒரு அக்கா ஆரம்பத்தில் நாள் தவறாமல் எழுதியிருந்தார். கடைசியாக மஞ்சள் அடித்த கத்தரிக் கண்டு ஒன்றின் படத்தைப் போட்டு, "பாருங்கோ இவரை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே போதனாசிரியரின் பதில்: "உவர் நீர் பாய்ச்சியது தவறு. இது பற்றி ஏற்கெனவே விளக்கியுள்ளேன். வாசிக்கவும்." அதற்குப் பிறகு அக்கா குழுவை விட்டு விலகியிருந்தார். அவருக்குப் பிறகு சந்தேகம் கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். "வீட்டுக்கே வாங்கோ மிஸ், ஃபோனில என்னத்தைக் கதைக்கிறது" என்றார்.

அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அக்கா வீட்டில் தனிய. எனக்கு வெளியே கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, தான் வாசல் படியில் இருந்தார்.

"நீங்கள் ஏன் அக்கா குழுவை விட்டனீங்கள்?"

"கோவம் ஒண்டும் இல்லை. அந்த சேர் சொன்னது சரிதான். உப்புத் தண்ணிதான் எண்டு எனக்கும் தெரியும். வேற தண்ணிக்கு நான் எங்க போறது? குழாய்த் தண்ணி குடிக்கவே காணாது. நான் அதுக்கு மருந்து கேக்கேல்ல மிஸ். இவ்வளவு உப்புக்குள்ளயும் அது ஒரு பூப் பூத்தது. அதைத்தான் காட்டினனான். படத்தில ஒருத்தரும் பூவைப் பாக்கேல்ல."

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மஞ்சள் இலைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு பூ இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற பாலம் தாண்டிப் போதனாசிரியரைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய வளவு, கூட்டித் துப்புரவாக இருந்தது. தேத்தண்ணி தானே ஊற்றித் தந்தார். நான் இருக்கும்போதே குழுவில் யாரோ எலுமிச்சையைப் பற்றிக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டத் தொடங்கினார். பிழைத்தால் முழுவதையும் அழித்து மறுபடி தட்டினார். என் தேத்தண்ணி முடிந்தும் அவர் பதில் முடியவில்லை. அந்த நீளப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் அவருடைய ஒரு பின்னேரம் போயிருக்க வேண்டும்.

நான் வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நான் சொன்னது பிழையோ பிள்ளை?"

"இல்லை சேர், சரிதான். ஆனா அவா பிழை திருத்தக் கேக்கேல்ல. சும்மா கதைக்க வந்தவா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சும்மா கதைக்கிறது எனக்குப் பழக்கமில்லை. வீட்டில அதெல்லாம் மனுசிதான் பாத்தவா" என்றார். படலை வரைக்கும் வந்து என்னை வழியனுப்பினார். நான் வீடு வந்து சேரமுன் அவர் குழுவை விட்டு விலகிவிட்டதாக ஃபோனில் விழுந்திருந்தது.

அன்றைக்கே ஃபோன் எடுத்து, அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். "ஐயோ, பாவம் மனுசன்! நம்பரைத் தாங்கோ" என்றார். நீளமாக எழுதுவது அவருக்கு அலுப்பு. குரல் பதிவுதான் அனுப்புவார். போதனாசிரியருக்கு அனுப்பியதை எனக்கும் அனுப்பியிருந்தார்.

"சேர், நான் பள்ளிமுனையில இருந்து கதைக்கிறன். அந்தக் கத்தரிக்காரி. எனக்கு உங்களில கோவம் இல்லை. எங்கட கிணத்துத் தண்ணியை நீங்கள் ஒருக்கா வந்து வாயில வச்சுப் பாருங்கோ. அதுக்குப் பேந்து ஏசுங்கோ. மத்தியானம் வந்தா மீன் சோறு இருக்கு. மரக்கறி எண்டா முதலே சொல்லுங்கோ."

பதிவின் நடுவில் ஒரு சேவல் இரண்டு தரம் கூவியது.

போதனாசிரியர் பஸ் ஏறி வந்தார். நானும் போயிருந்தேன். வாளியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சிரித்துவிட்டார். "இந்தத் தண்ணியில அது பூத்ததே பெரிய காரியம், பிள்ளை" என்றார். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு போதனாசிரியர் கண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, இனி அரிசி கழுவுகிற தண்ணீரையும் அதற்கு ஊற்றிப் பார்க்கச் சொன்னார். மீன் சோறு சாப்பிட்டார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

அக்காவும் போதனாசிரியரும் குழுவுக்குத் திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தக் கத்தரி பிழைக்கவில்லை. செத்த கண்டின் படத்தை அக்கா குழுவில் போட்டு, "போயிட்டார்" என்று சொன்னார். போதனாசிரியர் முதன்முதலாகக் குரலில் பதில் அனுப்பினார். தொண்டையைச் செருமிவிட்டு, தன் வளவில் போன வருடம் பட்டுப்போன மாதுளையைப் பற்றிச் சொன்னார். அது மனைவி வைத்த மரமாம். என்ன செய்தும் காப்பாற்ற முடியவில்லையாம். அதற்குக் காரணமும் அவர் சொல்லவில்லை, மருந்தும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கெங்கிருந்தோ குரல்கள் வந்தன. எழுத வெட்கப்பட்டவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். தாங்கள் சாகக் கொடுத்த மல்லிகை, கறிவேப்பிலை, வாழை எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார்கள். சிலருக்குப் பின்னால் கடற்காற்று இரைந்தது, சிலருக்குப் பின்னால் பிள்ளைகள் சண்டை பிடித்தன. விலகிப் போனவர்களில் அரைவாசிப் பேர் திரும்பவே இல்லை. முதலில் அது எனக்கு வருத்தமாக இருந்தது, பிறகு அவர்களைத் தேடுவதை விட்டுவிட்டேன். புதிதாக யாராவது சேர்ந்தால் அக்கா தானே கூப்பிட்டு, "உங்கட வீட்டில என்ன செத்தது?" என்றுதான் முதலில் விசாரிப்பார். ஒருவர் பயந்து உடனேயே விலகியும் இருக்கிறார்.

போன மாதம் கந்தோர்ப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் குழுவைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்து திறந்தால், முருங்கையைக் கச்சான் காற்றுக்கு முன்னம் வெட்டுவதா பிறகு வெட்டுவதா என்று பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கீரிக்காரர் ஒரு பக்கம், போதனாசிரியர் மறுபக்கம். அக்கா இருவரையும் ஏசிக்கொண்டிருந்தார். நான் எங்கே போனேன் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பாலம் வரும்வரை ஒவ்வொரு பதிவாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.