இரண்டு முறை தட்டினால் கண்ணை மூடு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

ராத்திரி நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறு பத்துக்கு முடிந்தது.

நான் வெல்டர். என் அண்ணனும் இதே தொழிலில் இருந்தவன்தான். ஆரம்பத்தில் இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். ஒருவன் குழாயைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் பற்றவைப்பான். முகமூடி போட்டிருக்கும்போது பேச முடியாது, கிரைண்டர் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அதனால் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். குழாயில் இரண்டு முறை தட்டினால் நெருப்பு வரப்போகிறது, கண்ணை மூடிக்கொள். விடாமல் தட்டினால் ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. பிறகு அந்தப் பட்டறைக்கு வந்து போன எல்லோருக்கும் இதே பழக்கமாகிவிட்டது.

ஒருமுறை சூடான குழாய் சரிந்து என் கை அடியில் மாட்டிக்கொண்டது. மற்ற கையால் தட்டினேன். மூன்றாவது தட்டுக்குள் அண்ணன் வந்து நின்றான். வெறுங்கையால் குழாயைத் தூக்கினான். அவன் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்படிப்பட்ட அண்ணனும் நானும் இரண்டு வருஷம் பேசவில்லை. என் கல்யாணத்தில் அவனுடைய மாமனாரை யாரும் ‘வாங்க’ என்று கேட்கவில்லையாம். அவ்வளவுதான் காரணம். அவனும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கிப் போகவில்லை.

சனிக்கிழமை இரவு எட்டே கால் மணிக்குப் போன் வந்தது.

“டேய் தம்பி.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு என் கண் கலங்கிவிட்டது.

“சொல்லுண்ணே.”

“உன் கை வேணும்டா. நாளைக்கு வர்றியா?”

“என்ன ஏதுன்னு கேக்காமலே சரின்னு சொல்றீங்க” என்றாள் மனைவி. “அண்ணன் கூப்பிடுறான், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்று அவள் வாயை அடைத்தேன். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அண்ணன் நான்கு வருஷமாகச் சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தான். பழைய கார், அதற்குள் வேறு எஞ்சின், அந்த எஞ்சினுக்கு வேகம் கூட்ட ஒரு டர்போ. மாதக் கடைசியில் கார் பிரியர்கள் கூடும் திடலில் அதை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தான். டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்தான் பாக்கி. மூன்று அங்குல எஸ்.எஸ். குழாயை, அதாவது எவர்சில்வர் குழாயை, துண்டு துண்டாக வெட்டி, காரின் வயிற்றுக்கு அடியில் வளைத்து, பின்பக்கம் கொண்டுவந்து இணைக்க வேண்டும். இது கடையில் கிடைக்காது. அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி, அந்தக் காருக்கு மட்டும்தான் பொருந்தும்.

அவன் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் கார் ஒரு குழியின் மேல் நின்றது. ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் குழி. இறங்கிப் பார்த்தேன். எஞ்சின் பக்கம் பாதிக் குழாயை ஏற்கெனவே யாரோ பற்றவைத்திருந்தார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு வேலை. பற்றவைத்த தடம் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக, துளி பிசகாமல் ஓடியிருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். என் செதில்கள் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையைப் பார்த்தன. செய்தவர் இடது கைக்காரர்.

“யாருண்ணே இது?”

“ஒருத்தன். பாதியில விட்டுட்டுப் போயிட்டான்.”

“இவ்வளவு வேலை தெரிஞ்சவன் பாதியில விடமாட்டானே.”

“நீ வந்த வேலையைப் பாருடா.”

அப்போது ஒன்றைக் கவனித்தேன். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் விடாதவன் என் அண்ணன். அன்று குழிக்குள் காலே வைக்கவில்லை. விளிம்பிலேயே நின்றுகொண்டு ஒவ்வொன்றாக நீட்டினான். மணிக்கட்டில் ஒரு பச்சை டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டியிருந்தான்.

எஸ்.எஸ். குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே காற்று இருந்தால் இணைப்பின் உட்புறம் கருகிவிடும். அதனால் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வழியாகக் குழாய்க்குள் ஆர்கான் வாயுவை ஓடவிடுவோம். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம். கசிந்தால் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அங்கே இருக்கும் ஆளுக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாது, தூக்கம்தான் வரும். இது எனக்குத் தெரியாததா? வேறு யாருடைய ஹோஸாக இருந்தாலும் சோப்புத் தண்ணீர் தடவி, கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்கியிருப்பேன். அண்ணன் மாட்டிக் கொடுத்தது. நான் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை சத்தம் கேட்டா ஷெட்டுக்காரர் கத்துவார். ஷட்டரை இறக்கி வெளிய பூட்டிக்கிறேன். ஆறு மணிக்கு வந்து திறக்கிறேன், சரியா?”

“சரிண்ணே.”

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி, குழிச்சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். மணி 2.05.

பாக்கி ஏழு இணைப்புகள். முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் முன் குழாயில் இரண்டு முறை தட்டினேன். எதிரில் யாரும் இல்லைதான். கை பழகிவிட்டது.

2.50. மூன்றாவது இணைப்பு. நீளமான துண்டு அது. ஒரு ஆள் மறுமுனையைத் தாங்க வேண்டும். ஆள் இல்லாததால் அடியில் ஒரு ஜாக்கியை முட்டுக்கொடுத்தேன். குழாய் ஆடவில்லை, அசையவில்லை, கச்சிதமாக நின்றது. பற்றவைத்து முடித்து முகமூடியைத் தூக்கினேன்.

ஜாக்கி குழாயைத் தொடவே இல்லை.

இடையில் மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி. நான் பற்றவைத்து முடிக்கும்வரை அந்தக் குழாய் எதன்மேல் நின்றது? ஜாக்கி இப்போதுதான் இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பழைய ஜாக்கி. எண்ணெய் கசிந்திருக்கும்.

3.20. நான்காவது இணைப்பு. வழக்கம்போல் தட்டினேன்.

டக். டக்.

மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

டக். டக்.

குழாயில் பட்டுத் திரும்பி வரும் சத்தம் உடனே வரும். இது நிதானமாக வந்தது. ‘ம், மூடிக்கிட்டேன், நீ ஆரம்பி’ என்று ஒருவர் சொல்வதுபோல.

“யாருங்க?”

ஷட்டர் பூட்டியிருந்தது. காருக்கு அடியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. குழியின் மூலையில் ஒரு பழைய தோல் கையுறை மட்டும் கிடந்தது. இடது கை உறை. கட்டை விரல் பக்கம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அண்ணன் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. பாதியில் விட்டவன் என்ற பெயர் எனக்கும் வேண்டாம் என்று நினைத்தேன். நான்காவதை முடித்தேன்.

4.00. கொட்டாவி வந்தது. இன்னொன்று. உடம்பு இதமாக இருந்தது. கோபம், வருத்தம் எல்லாம் எங்கோ போயிருந்தன. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று குழிச்சுவரில் சாய்ந்தேன். கால்கள் என்னுடையவை போலவே இல்லை. கடிகாரத்தின் முள் இரண்டாகத் தெரிந்தது... 4.10... கண் சொருகியது...

டக் டக் டக் டக் டக் டக்.

விடாமல்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பேய் என்றுகூடத் தோன்றவில்லை. விடாமல் தட்டினால் போக வேண்டும். அண்ணன் பழக்கியது. மூளை தூங்கினாலும் உடம்புக்குத் தெரியும்.

சத்தம் குழிப் படிக்கட்டின் பக்கமிருந்து வந்தது. தவழ்ந்தேன். ஒரு படி. இன்னொரு படி. நான் ஏற ஏறச் சத்தம் முன்னால் போனது. இப்போது அது குழாயில் கேட்கவில்லை. ஷட்டர் தகரத்தில் கேட்டது.

டக் டக் டக் டக்.

ஷட்டருக்கு அடியில் இரண்டு விரல் சந்து. அதில் மூக்கை வைத்து இழுத்தேன். வெயில் காய்ந்த மண்வாசனையோடு காற்று வந்தது. இருமினேன். வாந்தி எடுத்தேன். தட்டுவது நின்றுவிட்டது.

எழுந்து நிற்கத் தெம்பில்லை. போன் தூரத்தில் மேசைமேல் இருந்தது. ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

அப்போது...

குழிக்குள் வெல்டிங் மெஷின் உறுமியது.

டக். டக்.

நீல வெளிச்சம். ஷெட்டின் கூரையெல்லாம் நீலம். காரின் நிழல் சுவரில் துடித்தது.

அணைந்தது.

கம்பி மாற்றும் சத்தம்.

டக். டக்.

மறுபடி நீலம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மூடிய இமைக்குள்ளும் சிவப்பாகத் தெரிந்தது.

ஆறு பத்துக்குப் பூட்டு திறந்தது. ஷட்டர் மேலே போனதும் நான் மல்லாந்து விழுந்தேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் பின்னால் இரண்டடி வைத்தான். தூக்க வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், நான் சாய்ந்திருந்த இடத்தையே பார்த்தான்.

“இங்க ஏன்டா உக்காந்தே?” என்றான். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

சிலிண்டரை மூடச் சொன்னேன். அது ஏற்கெனவே இறுக மூடியிருந்தது. நான் மூடவில்லை. மெஷினும் அணைந்திருந்தது. வெல்டிங் கேபிள் அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. குழிக்குள் போன ஹோஸில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றியிருந்த பச்சை டேப் பிரிந்து தொங்கியது. புது டேப்.

அண்ணன் விளிம்பில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் குழாயைப் பார்த்தான். நான் வைத்தவை நான்கு இணைப்புகள். குழாய் பின்பக்கம்வரை முழுசாக முடிந்திருந்தது. ஏழு. கடைசி மூன்றின் செதில்களும் எதிர்த்திசையைப் பார்த்தன.

“இதெல்லாம்... நீதான் வச்சியா?”

கடிகாரத்தைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காஸ் சிலிண்டர் கடைக்குப் போனபோது, இடது கையால் வேலை செய்யும் வெல்டர் யாராவது தெரியுமா என்று கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“ஒருத்தர் இருந்தாரே. நீங்க விலகுன பிறகு உங்க பழைய பட்டறையிலதான் கொஞ்ச நாள் இருந்தார். அவர் தவறி அஞ்சு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியாதா? உங்க அண்ணன் ஷெட்டு வாசல்லதான். ஷட்டர்ல சாஞ்சு உக்காந்த மாதிரியே இருந்தாராம். நெஞ்சுவலின்னு சொன்னாங்க.”

நான் உள்ளே சாய்ந்திருந்த அதே இடம். நடுவில் ஒரு தகரம்தான்.

நேராக அண்ணனிடம் போனேன். கார் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. நான் கேட்ட எதையும் அவன் மறுக்கவில்லை. அந்த மனிதர் குழிக்குள்தான் விழுந்துகிடந்திருக்கிறார். போலீஸ் வந்தால் காரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று, இவன்தான் அவரை மேலே இழுத்து, வெளியில் கொண்டுவந்து, ஷட்டரில் சாய்த்து உட்காரவைத்திருக்கிறான்.

“ஹோஸ் ஓட்டைன்னு தெரியுமா?”

“டேப் சுத்துனேன்டா.”

“தெரிஞ்சேதான் என்னை இறக்குனியா?”

“வேற யாருடா வருவா? நீதான் என்ன ஏதுன்னு கேக்கமாட்டே.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு வருஷம் கழித்து அவன் கூப்பிட்டது தம்பியை அல்ல, கேள்வி கேட்காத ஒரு ஆளை. முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் செத்தும் என்னை வெளியே அழைத்து வந்தார். கூடப் பிறந்தவன் பூட்டிவிட்டுப் போனான். திரும்பி நடந்தேன். வாசலில் ஒன்று தோன்றி நின்றேன்.

“அவர் செத்த அன்னிக்கு நீ எங்க இருந்தே?”

“மேலதான். மேசைகிட்ட.”

“அவர் தட்டுனாரா?”

அவன் உள்ளங்கைத் தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“தட்டுனான்.”

“எத்தனை தடவை?”

“...நிறைய.”

“நீ என்ன பண்ணே?”

தழும்பைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

“கண்ணை மூடிக்கிட்டேன்டா.”