சுங்கத்தில் நின்ற ஷூ

கண்ணாடிக்காரருக்கு எதையும் அளக்காமல் இருக்க முடியாது. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவதும் படங்களுக்குச் சட்டம் போடுவதும் அவர் தொழில். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால்கூட, உட்காருவதற்கு முன் அவர் கண் அந்த வீட்டு ஜன்னல்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடும். “எடது பக்கம் அரை விரல் கம்மியா இருக்கே, மழை பெஞ்சா உள்ள சாரல் அடிக்குமே” என்பார். அப்படிக் கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடக் கொஞ்சம் யோசிப்பார்கள். அளவு நாடா சட்டைப் பையில், பச்சை மெழுகுப் பென்சில் காதில். தூங்கும்போதுதான் இரண்டும் இறங்கும், அதுவும் மனைவி சத்தம் போட்டால்.

அந்த மனைவி லேசுப்பட்ட ஆள் இல்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வருகிற பார்சல்களைத் திறந்து பார்த்து வரி போடும் சுங்க அலுவலகத்தில் இரண்டாம் கவுண்டர் அவருடையது. தெருவே அவரை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிட்டது. ஊரில் ஆன்லைனில் எதையாவது வாங்கிவிட்டு, பொருளின் விலையைவிட வரி அதிகமாக வந்து தலையில் கைவைத்துக்கொண்ட அத்தனை பேரும் ஒருமுறையாவது அவரைத் திட்டியிருப்பார்கள். பெட்டியின் மேல் ‘பரிசு’ என்று எழுதி வரியைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறவர்களிடம், “பரிசா? யாருக்குப் பிறந்தநாள், கேக் எங்க?” என்று கேட்பார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஆபீசரம்மா படியேறி வந்தால், கையில் ஃபோனோடு நிற்பவர்கள் அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொள்வார்கள். என்னவோ அவர் திரையைப் பார்த்தே வரி போட்டுவிடுவார் என்பதுபோல.

அதனால் அந்த வீட்டில் மட்டும் யாரும் வெளிநாட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட வரவழைத்தது கிடையாது. சொந்த வீட்டுப் பார்சலை ஓர் அதிகாரி தானே சோதிக்கக் கூடாது, ‘இது என் வீட்டுப் பார்சல்’ என்று எழுதிக் கொடுத்து அடுத்த கவுண்டருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீசரம்மா தன் சர்வீஸில் ஒரே ஒருமுறைகூட எழுதியதில்லை, அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அவருக்கும் ஒரு வேதனை இருந்தது. சில வருடங்களுக்கு முன் பார்சல் கிடங்கின் படியில் வழுக்கி விழுந்து வலது பாதம் நொறுங்கிப்போனது. ஆபரேஷன் செய்து எலும்பைச் சேர்த்தார்கள். சேர்ந்தது, ஆனால் பாதம் சின்னதாகிவிட்டது. இடது கால் எட்டாம் நம்பர், வலது கால் என்ன நம்பர் என்று அவர் அளந்து பார்க்கவே இல்லை. ஒரு கடையில் இருந்த பெண், “ரெண்டு ஜோடி வாங்கிட்டு ஜோடிக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க மேடம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அதோடு கடை ஏறுவதை நிறுத்திவிட்டார். எட்டாம் நம்பர் ஷூ வாங்கி வலது பக்கத்தில் துணியை அடைத்துக்கொள்வார். ஆபீசில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது படியில் டக், டப், டக், டப் என்று சத்தம் கேட்கும். அந்த ‘டப்’பைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைப்பார்.

அதற்கு முன்பெல்லாம் இருவரும் தினம் சாயங்காலம் ஏரிக்கரையைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். அவர் அங்கே தென்படும் ஜன்னல்களைக் குறை சொல்வார், ஆபீசரம்மா அன்றைக்குப் பிடிபட்ட பொய்யர்களைப் பற்றிச் சொல்வார். கால் போனபிறகு அந்த நடையும் போனது. கண்ணாடிக்காரர் தனியாக நடந்து பார்த்தார். பேச ஆள் இல்லாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். ஒரு மனிதனுக்கு மனைவி பக்கத்தில் இருந்தும் மனைவியைத் தேடுகிற நிலைமை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

கண்ணாடிக்கடைக்கு அடுத்த கடை சலூன். சலூன்காரர் வெளிநாட்டுக் கத்தரிக்கோல், வெளிநாட்டுச் சீப்பு என்று எதையாவது வரவழைத்துக்கொண்டே இருப்பார். அவர் ஃபோனில்தான் ஒருநாள் அந்த விளம்பரம் வந்தது. எங்கேயோ கடல் தாண்டி ஒரு பட்டறையில், இரண்டு கால் இரண்டு அளவாக இருப்பவர்களுக்கென்றே ஷூ தைக்கிறார்கள். காலின் வரைபடத்தை அனுப்பினால் போதும்.

“அண்ணே, இது அண்ணிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே” என்றார் சலூன்காரர்.

அடுத்த ஞாயிறு மதியம் ஆபீசரம்மா அசந்து தூங்கும்போது, கண்ணாடிக்காரர் கட்டிலோரத்தில் மண்டியிட்டு, உள்ளங்காலோடு ஒட்டி அட்டையை வைத்துப் பச்சைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். இடது கால் நல்லபடியாக முடிந்தது. வலது காலில் கூச்சம் எடுத்து ஆபீசரம்மா, “சீல் வைங்க, சீல் வைங்க” என்று தூக்கத்திலேயே உதைத்தார். பென்சில் எகிறிக் குதிகாலில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. சாயங்காலம் முழுக்க, “என்னங்க இது, கால்ல பச்சையா?” என்று அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். “நரம்பா இருக்கும்மா” என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவியின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, இருவரும் வரைபடத்தை அனுப்பி, பார்சலைச் சலூன்காரரின் பெயருக்கும் முகவரிக்கும் அனுப்பச் சொன்னார்கள். பொருள்: ஒரு ஜோடி ஷூ. விலை: உள்ளது உள்ளபடி. ஆபீசரம்மாவோடு குடித்தனம் நடத்துகிறவர் வேறு எப்படி எழுதுவார்? அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்ட மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். இதே சலூன்காரர் முன்பு முடி உலர்த்தும் மெஷினைக் ‘குழந்தை பொம்மை’ என்று எழுதி வரவழைத்து, இரண்டாம் கவுண்டரில் கையும் களவுமாகப் பிடிபட்டவர். அவர் பெயரைப் பார்த்தாலே ஆபீசரம்மாவின் கை கத்தரிக்கோலுக்குப் போகும்.

பார்சல் புறப்பட்டது, கடல் தாண்டியது, ஊருக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் சலூன்காரரின் ஃபோனில் பச்சை பச்சையாக வந்தது. அதன்பிறகு ‘சுங்கச் சோதனையில் உள்ளது’ என்று சிவப்பில் வந்து, அப்படியே நின்றது. வாரங்கள் போயின, சிவப்பு போகவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடி வெட்டுவதை விட்டுவிட்டு அடிக்கடி சலூனுக்குள் எட்டிப்பார்த்தார். சலூன்காரர் ஒரு கையில் வாடிக்கையாளரின் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையில் ஃபோனைத் தூக்கிக் காட்டுவார்.

காரணம் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது.

“உங்க ஃபிரெண்டு இருக்காரே, சலூன்காரர், அவரு மறுபடி வேலையக் காட்டிட்டாரு” என்று ஆரம்பித்தார் ஆபீசரம்மா.

கண்ணாடிக்காரரின் கை தட்டிலேயே நின்றது. “என்னவாம்?”

“லேடீஸ் ஷூ வந்திருக்கு. ஒரு ஜோடின்னு எழுதியிருக்கு. பிரிச்சுப் பார்த்தா எடது எட்டு, வலது ஆறு! இது பழைய தந்திரங்க. ஒரு பார்சல்ல இப்படி வரும், இன்னொண்ணுல மாத்தி வரும். தனித்தனியாப் பார்த்தா உதவாத சரக்குன்னு வரியக் குறைச்சுக் கேப்பாங்க. அப்புறம் ரெண்டையும் சேர்த்து ஜோடி போட்டு வித்துடுவாங்க. அந்த இன்னொரு பார்சல் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன்.”

வராத பார்சலுக்காகக் காத்திருக்கிறார்! கண்ணாடிக்காரருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “ஒருவேளை யாருக்காவது நெஜமாவே அப்படிக் கால் இருந்தா?”

ஆபீசரம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கண்ணாடிக்காரருக்குப் பிடிபடவில்லை. “அப்படி இருக்கறவங்க ஊருக்குத் தண்டோராப் போட்டு ஷூ வாங்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவியின் காலை அவருக்கே தெரியாமல் அளந்து, அந்த அளவு ஆபீசில் நாலு பேர் கையில் புரள்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவர் அந்த ஷூவைத் தொடக்கூட மாட்டார். இப்படித் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் சலூன்காரருக்கு நோட்டீஸ் வந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பார்சல் திருப்பி அனுப்பப்படும். திரும்பி வந்தால் அழித்துவிடுவோம், மறுபடி தைக்க மாட்டோம் என்று பட்டறைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

“அக்காவுக்கு வாங்கினேன்னு சொல்லு தம்பி. அக்காவுக்குக் கால் அப்படின்னு சொல்லு. அவ்வளவுதான்” என்றார் கண்ணாடிக்காரர்.

“நீங்களும் வரணும்ணே. இல்லேன்னா நான் அங்க போய் எல்லாத்தையும் கக்கிடுவேன்.”

சுங்க அலுவலகக் கூடத்தில் நல்ல கூட்டம். கண்ணாடிக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றார். தூண் ஒல்லி, அவர் அப்படி இல்லை.

“அண்ணி…” என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

“இங்க அண்ணி கிடையாது. மேடம்.”

“மேடம்.”

“இந்த ஷூ யாருக்கு?”

வழி முழுக்க ஒப்பித்துக்கொண்டு வந்த அக்கா, அந்தக் கண்களைப் பார்த்ததும் எங்கே போனாரோ தெரியவில்லை. “எனக்குத்தான்” என்றார் சலூன்காரர்.

“உங்களுக்கா? லேடீஸ் ஷூவா?”

“நாள் பூரா நின்னுக்கிட்டே முடி வெட்டறேன் மேடம். காத்தோட்டமா இருக்கும்னு…”

“போட்டுக் காட்டுங்க.”

சலூன்காரர் குனிந்து தன் பெரிய பாதத்தை ஆறாம் நம்பருக்குள் திணித்தார். விரல்கள் மட்டும் உள்ளே போயின, மிச்சமெல்லாம் வெளியே நின்றது. ஒற்றைக் காலில் நொண்டி, வரிசையில் நின்ற ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் டைட்டா இருக்கு, போகப் போகச் சரியாயிடும்” என்றார். கூடமே சிரித்தது.

ஆபீசரம்மா சிரிக்கவில்லை. ஷூவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ‘திருப்பி அனுப்புக’ என்ற சீல் கட்டையை எடுத்து மையில் அழுத்தினார்.

“வைக்காதே!”

பேப்பர் கீழே விழ, கண்ணாடிக்காரர் தூணை விட்டு வெளியே வந்தார். ஆபீசரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

“என்னங்க, நீங்க எங்க இங்க?”

“அது என் பார்சல்.”

“உங்க பார்சலா? உங்க கால் ஒம்பது.”

“எனக்கில்ல.”

“பின்ன யாருக்கு?”

கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒரே வார்த்தை சொன்னால் பார்சல் கைக்கு வந்துவிடும். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால், மனைவி இத்தனை வருடம் துணி அடைத்து மறைத்ததை எப்படிச் சொல்வது? கண்ணாடிக்காரரால் முடியவில்லை. ஷூ போனால் போகட்டும் என்று நினைத்துவிட்டார். காதிலிருந்த பச்சைப் பென்சிலை எடுத்து, மனைவிக்கு முன்னால் கவுண்டரில் வைத்தார்.

ஆபீசரம்மா பென்சிலைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த ஷூவைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்தும் போகாமல் சோப்புக்கே சவால் விட்ட அந்தப் பச்சை ‘நரம்பு’ அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து, சீல் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு ஒரு தாளை இழுத்து, சர்வீஸில் முதல்முறையாக எழுதினார். ‘இது என் வீட்டுப் பார்சல்.’ கையெழுத்துப் போட்டு, பெட்டியோடு முதலாம் கவுண்டருக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

முதலாம் கவுண்டர்க்காரர் இந்த நாளுக்காகத்தான் வேலைக்கே சேர்ந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேடம், விதின்னு ஒண்ணு இருக்கு. யாருக்குன்னு நான் கேட்டே ஆகணும்.”

“எனக்கு” என்றார் ஆபீசரம்மா, கூடத்துக்கே கேட்கும்படி. “எனக்கு ரெண்டு கால் ரெண்டு அளவு.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் பழைய ஷூவைக் கழற்றி, வலது பக்கத்திலிருந்து துணியை உருவிக் குப்பைக்கூடையில் போட்டார். புதியதை மாட்டினார். கண்ணாடிக்காரரின் அளவு தப்புமா?

“வரியில ஒரு காசு குறைக்காதீங்க” என்றார். “வேற பேர்ல வரவழைச்சதுக்கு அபராதம் இருக்கு, அதையும் போடுங்க. அதோ நிக்கிறாரு பாருங்க, அவர்கிட்ட வாங்கிக்கோங்க.”

கண்ணாடிக்காரர் வாயெல்லாம் பல்லாக அபராதம் கட்டினார். அந்தக் கூடத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டே அபராதம் கட்டியவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் ஆபீசரம்மா பஸ் ஏறவில்லை. ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார். டக், டக், டக், டக். எத்தனை வருடத்து நடை பாக்கியோ, அத்தனையையும் ஒரே நாளில் நடந்து தீர்ப்பவர்போல விறுவிறுவென்று போனார். பாதி தூரத்திலேயே கண்ணாடிக்காரருக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போகும் காலைப் பார்த்துக்கொண்டே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

ஆபீசரம்மா திரும்பிப் பார்த்தார். “என்னங்க, கால் வலிக்குதா? மெதுவாவே வாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் வந்து சேரும்வரை நின்றார்.