வெள்ளிக்கிழமைப் பை

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொண்ட அந்த வாரத்தில், ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் ஸ்ரீரங்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா மஸ்கட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. அங்கே மாதம் ஒரு முறை சைரன் அலறுமாம். நெருப்பே இல்லாமல் எல்லோரும் நெருப்புக்குத் தப்பி வெளியே வந்து, வெயிலில் வரிசையாக நின்று பெயர் சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போவார்களாம். இரண்டு மூன்று தடவை அப்படி நின்றதும் அவருக்கு எங்களைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையிலிருந்து இரண்டாவது தெரு, வாடகைக்கு எடுத்த கீழ்வீடு, அதில் நானும் அம்மாவும் மட்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் அவர் போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை, "ஒரு பை எடுத்து வைங்க. இந்த வாரம் அது போதும்" என்றார்.

"பைக்குள்ள என்னங்க வைக்கணும்?" என்றாள் அம்மா.

"அடுத்த வாரம் சொல்றேன். எல்லாத்தையும் இன்னிக்கே சொன்னா நீ ஒண்ணும் செய்யமாட்டே."

அம்மா சிரித்துவிட்டாள். ஆனாலும் என் பழைய ஸ்கூல் பையைத் துவைத்துக் காயவைத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அடுத்த வாரம் ரேஷன் கார்டு, பாஸ்புக், என் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டோம். அதற்கடுத்த வாரம் டார்ச்சும் பேட்டரியும். பிறகு பிஸ்கட், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அம்மாவின் வீசிங் மாத்திரை, ஒரு விசில். விசிலை நான் ஒரே நாளில் இருபது தடவை ஊதியதால் மாடியிலிருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியாக, ஏதாவது நடந்தால் காவிரிக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அத்தை அப்பாவின் அக்கா. அவர் வீட்டு போன் நம்பரை நான் மனப்பாடமாக ஒப்பித்தேன்.

ஒப்பித்து முடித்ததும் கேட்டேன்: "அப்பா, நிஜமாவே வெள்ளம் வந்தா நீங்க வருவீங்களா?"

"வராம இருப்பேனா? அடுத்த ஃப்ளைட்டப் பிடிச்சு வந்து நிப்பேன்."

அதன் பிறகு எனக்கு மழையின் மேல் தனிப்பிரியம் வந்துவிட்டது. ஐப்பசி பிறந்ததும் ஸ்கூல் விட்டுக் கரைக்குப் போய், படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்ப்பேன். குறைந்திருந்தால் அன்று சோறு இறங்காது. ராத்திரி படுக்கும்போது கோபுரம் இருக்கும் திசையில் கும்பிட்டு, இன்னும் ரெண்டு படி, என்று கேட்டுக்கொள்வேன்.

கேட்டது கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஸ்கூலை அவசரமாக விட்டார்கள். தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி, கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்கட்டுச் சாக்கடை வழியாகத் தண்ணீர் ஏறி அடுப்படியில் நின்றது. அம்மா அரிசி டின்னைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பூட்டு பூட்ட வரவில்லை; கதவை அப்படியே விட்டுவிட்டாள். முழங்கால் தண்ணீரில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். எங்கள் பாய் எதிர்வீட்டு வாசலில் மிதந்து போனதைப் பார்த்தபோதுதான், நான் கேட்டது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று பயம் வந்தது. மேட்டில் நாங்கள் பிடித்த ஆட்டோ காவிரிப் பாலம் ஏறியதும் அந்தப் பயம் போய்விட்டது. அப்பா வரப் போகிறார்.

சாயங்காலம் அத்தை வீட்டில் இருக்கும்போது அம்மாவின் செல்லில் அவர் கூப்பிட்டார். டிவியில் பார்த்திருக்கிறார்.

"அது வேற பக்கம்ங்க" என்றாள் அம்மா. அவள் புடவைக் கரை இன்னும் ஈரமாக இருந்தது. "நம்ம தெருவுல சொட்டுத் தண்ணி இல்ல. உங்க அக்காவைப் பாத்து நாளாச்சேன்னு வந்தோம்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, அடுப்படியெல்லாம் தண்ணி. நீங்க எப்ப வரீங்க?"

"அம்மாகிட்ட குடு பாப்பா" என்றார். குரல் சளி பிடித்தது போல இருந்தது.

அம்மா வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "நாங்க நல்லா இருக்கோங்க. நீங்க போய் லீவு கேட்டு நிக்காதீங்க. ரெண்டு வருஷம்னு கையெழுத்துப் போட்டிருக்கு. அனுப்பிட்டா திரும்பக் கூப்பிடவா போறாங்க? சொல்றதக் கேளுங்க."

எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வரேன் என்றவரை இவள் வர விடாமல் செய்கிறாள் என்று நினைத்தேன். அன்று அவளோடு படுக்க மாட்டேன் என்று அத்தையிடம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. கே.கே. நகருக்கு ஏர்போர்ட் பக்கம். விமானங்கள் சக்கரம் தெரியும்படி தாழ இறங்கும். தண்ணீர் வடிகிற வரை ஐந்து நாள் அங்கே இருந்தோம். ஐந்து நாளும் நான் மொட்டைமாடியில்தான் நின்றேன். ஒவ்வொன்று இறங்கியதும், அவர் வெளியே வந்து ஆட்டோ பிடித்து வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டு, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அம்மாவும் மேலே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேல் வந்து, தென்னைகளுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. அது மறைந்த பிறகும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தே?" என்றேன்.

"துணி எடுக்க."

கொடியில் ஒரு துணியும் இல்லை. அதைச் சொல்லி அவளை மடக்கிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

"ஆமா, இல்லதான்" என்றாள். ஆனால் கீழே போகவில்லை.