சுவருக்குள் போன கேஸ் லைன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரப்பாளையத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்தேன். ஒரு நாள் காலை, ஒத்தக்கடை பூத்திலிருந்து செல்வி என்ற பெண் போன் செய்தார்.

"அண்ணே, புது வீட்டுல பால் காய்ச்சப் போறோம். கேஸ் வாட அடிக்குது."

"சிலிண்டரை மூடுங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய நில்லுங்க. இந்தா வாரேன்."

செல்வியின் கணவர் முருகன் தண்ணீர் லைன் போடும் பிளம்பர். கேஸ் லைனையும் அவரே போட்டிருந்தார். சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே, நடுவில் ஜிஐ இரும்புப் பைப்பைச் சுவருக்குள் புதைத்து மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்.

கதவு ஜன்னலைத் திறந்துவைத்து வாடை போகும்வரை காத்திருந்தேன். பிறகு சிலிண்டரைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, லைனில் காற்றடித்து பிரஷர் கேஜ் மாட்டினேன். முள் மெல்ல இறங்கியது; எங்கோ கசிகிறது. வெளியே தெரிந்த ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை.

"லீக் சுவத்துக்குள்ள இருக்குண்ணே. கனெக்‌ஷன் குடுக்க முடியாது" என்று முருகனிடம் சொன்னேன்.

"நான் போடாத பைப்பாண்ணே? நல்ல நேரம் போகுது. பாலை மட்டும் காய்ச்சிக்கிறோம்."

"முடியாதுண்ணே."

முருகனின் மச்சினன் என் சட்டையைப் பிடிக்க வந்தார். நான் நகரவில்லை.

செல்வி யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் செங்கல்லை அடுக்கி, விறகு மூட்டிப் பாலைப் பொங்கவைத்தார். பிறகு பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரின் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"அடியே, எம்புட்டு ஆசையா ஒட்டுன டைல்ஸு!"

"பிள்ளைக இந்த வீட்டுலதான தூங்கப்போகுதுக?"

இரண்டு டைல்ஸ் உடைந்து விழுந்தன. முருகன் சுத்தியலை வாங்கினார். "தள்ளு. பைப் எங்கிட்டுப் போகுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

சுவருக்குள் ஒரு எல்போ, பைப் வளையும் இடத்தில் மாட்டுகிற ஜாயிண்ட். தண்ணீர் பைப்புக்குச் சுற்றுவதுபோலச் சணல் சுற்றியிருந்தது. தண்ணீரில் ஊறி உப்பி அடைக்கிற சணல், கேஸில் காய்ந்துபோகும். மறுபடி காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவியதும் அங்கே நுரைத்தது. பைப் போன மிச்சச் சுவரையும் முருகனே உடைத்தார்.

அடுத்த வாரம் காப்பர் பைப்பைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் அடித்துப் போட்டுக் கொடுத்தோம். டெஸ்ட் முடியும்வரை கேஜை விட்டு முருகன் கண்ணை எடுக்கவில்லை. முள் அசையவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத, கை எட்டாத இடத்தில் கேஸ் ஜாயிண்ட் வைக்காதீர்கள். லீக் இருக்கிறது என்று தெரிந்தால், வீட்டில் என்ன விசேஷம் நடந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.