கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எதிரே வரும் பேருந்துக்குக் கெய்னர் ஹோல்ராய்ட் வணக்கம் வைக்கிறார். வணக்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கை ஸ்டியரிங்கிலேயே இருக்கும், நான்கு விரல்கள் மட்டும் எழுந்து அடங்கும். ஊரில் பேருந்து ஓட்டுகிற எல்லோரும் தங்களுக்குள் செய்துகொள்கிற மரியாதைதான். கெய்னர் அதோடு நிற்பதில்லை. பால் வண்டிக்கும் உண்டு, குப்பை வண்டிக்கும் உண்டு. ஒருமுறை சவப்பெட்டி ஏற்றிய கறுப்புக் காருக்கும் விரல் எழுந்துவிட்டது. முன் இருக்கைக் கிழவிகள் முறைத்தார்கள். "உள்ள படுத்திருக்கவருக்கு இல்ல, ஓட்டுறவருக்கு," என்று விளக்கம் சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார்.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஸ்டேஷனிலிருந்து ஏரி வரை ஏறி இறங்குவது அவருடைய தடம். பாதி வழியில் ஒரு கல்பாலம், அதன் கீழே ரயில் பாதை. பாலத்தின் மேல் வந்ததும் வேகம் தானாகக் குறையும். கீழே ரயில் போனால் வண்டியே நின்றுவிடும்.

"இங்க ஏதும்மா ஸ்டாப்பிங்?" என்று புதுப் பயணி யாராவது கேட்பார்கள்.

"எனக்கு இருக்கு கண்ணு. நீ எறங்க வேணாம், உக்காரு."

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. குட்டையான உருவம், ஆண்பிள்ளைக் குரல். கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் சீஸும் வெங்காயமும் வைத்த ரொட்டி. அதனால் பிற்பகல் பயணிகள் இரண்டு வரிசை தள்ளியே உட்காருகிறார்கள்.

இந்த ரயில் பைத்தியம் அப்பா ரெஜ் வழியாக வந்தது. ரெஜ் கம்பளி ஆலைத் தொழிலாளி. பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை மெதடிஸ்ட் சேப்பல் கூடத்தில் சின்ன ரயில் கண்காட்சி நடக்கும். வருஷம் தவறாமல் அன்று மழையும் பெய்யும். ஈரக் கோட்டு வாடை, பட்டாணி ஊற்றிய இறைச்சிப் பணியார வாடை, சின்ன மோட்டார்கள் சூடேறும் எண்ணெய் வாடை மூன்றும் கலந்து கூடத்தில் மிதக்கும். ரெஜ் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். கூட்டமெல்லாம் ரயிலைப் பார்க்கும். கெய்னர் ரயிலுக்குப் பின்னால் பார்ப்பாள். அங்கே சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஆண்கள் நின்றுகொண்டு ரயில்களை ஓட்டும் குமிழ்களைத் திருகுவார்கள், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொள்வார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். நடுவே ஒரு சிவப்புக் கயிறு. எட்டு வயதில் ஒருநாள் அவள் குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட இளைஞன் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். "பாப்பா, பொம்பளப் புள்ளைங்களுக்கு இங்க என்ன வேல? உங்கம்மா டீ ஊத்துறாங்க பாரு, அங்க போ."

வீட்டில் ரயில் வாங்க வழியில்லை. மலையடி வீதியில் விட்டேக்கர் கடை இருந்தது. பாதிக் கடை சைக்கிள், மீதிக் கடை சின்ன ரயில். கண்ணாடிக்குள் நின்ற பச்சை எஞ்சினின் விலைச் சீட்டை விட்டேக்கர் எப்போதும் கவிழ்த்தே வைத்திருப்பார், அப்பன்மார் பயந்து ஓடிவிடக் கூடாதென்று. கல்லாப் பக்கம் ஒரு ஜாடி. அதில் விரல்நகமளவு ஆடுகளை உதிரியாகப் போட்டிருப்பார். கெய்னரின் காசுக்கு வாரம் ஓர் ஆடு கட்டுபடியாகும். ஒற்றை ஆட்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, எஞ்சின் விற்ற மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார் அந்த மனிதர். இப்படியே பிஸ்கட் டின் நிறைய மந்தை சேர்ந்தது. ஓடுவதற்கு ஓரடித் தண்டவாளம்கூட இல்லை.

அம்மாவுக்குப் பிறகு கண்காட்சியில் டீ ஊற்றும் வேலை கெய்னருக்கு வந்தது. வருஷக்கணக்கில் ஊற்றினார். திடீரென்று மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கண்காட்சி நடத்தும் ரயில் கிளப் கூடுகிற நேரத்தில், பிஸ்கட் டின்னோடு போய் நின்றார். தலைவர் கிளிஃபர்ட் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, ரயில் எங்க?"

"ரயில் உங்ககிட்ட இருக்கு. ஆடு எங்கிட்ட இருக்கு. சேந்துக்கலாம்."

கிளிஃபர்டுக்கு எழுபத்தைந்து வயது. அந்த மஞ்சள் ஸ்வெட்டர் அவர்தான். கெய்னர் இதை எடுத்துச் சொன்னபோது, "நானா? நான் அப்படிச் சொல்ற ஆளே இல்ல," என்று சிவந்துபோனார். "போன வாரம்கூடச் சொன்னியே," என்றார் பக்கத்தில் இருந்த டென்னிஸ்.

கிளப்பின் ரயில் பாதை ஒரே வீட்டில் இருப்பதில்லை. ஆளுக்கொரு பலகை. ஸ்டேஷன் கிளிஃபர்டின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, சுரங்கம் டென்னிஸின் பரணில். கண்காட்சியன்றுதான் எல்லாம் கூடத்துக்கு வந்து, முளையும் துளையும் பொருந்தி ஒரே பாதையாகும். நடுவில் ஒரு பலகையைக் கெய்னருக்குக் கொடுத்தார்கள். தண்டவாளம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதற்கு அளவு அச்சும் கொடுத்தார்கள். மற்றது அவர் இஷ்டம்.

அவர் தன் கல்பாலத்தையே செய்தார். உடைத்துப் போட்ட பழைய பேருந்திலிருந்து ஓட்டுநர் இருக்கையை வாங்கி வந்து கார் கொட்டகையில் போட்டு, அதில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து இரண்டு குளிர்காலம் வேலை செய்தார். பாலத்தின்மேல் விளக்கெரியும் சின்னப் பேருந்து. கீழே இரட்டைப் பாதை. பாதைக்கு அப்பால் மலை, மலை முழுக்க விட்டேக்கர் கடை ஆடுகள்.

இந்தப் பிப்ரவரியில் கண்காட்சி நாள் காலை, பலகையைச் சேர்த்தபோது இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. கிளிஃபர்ட் விரலால் தடவிப் பார்த்து, "பரவால்லியே," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விருது. கெய்னருக்குக் காது வரை சிரிப்பு.

அப்போதுதான் டென்னிஸ், கூட்டம் நிற்கப் போகும் முன்பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார்.

"கெய்னர், உன் ரயில எங்கம்மா காணோம்?"

எல்லோரும் முன்பக்கம் போனார்கள். அங்கிருந்து தெரிந்தது மலையின் முதுகு மட்டும்தான். வெறும் பிளாஸ்டர், அதில் ஒரு பென்சில் கோடு. பாலம், பேருந்து, பாதை, ஆடுகள் எல்லாம் மலைக்குப் பின்னால், குமிழ் திருகுகிறவர்கள் நிற்கும் பக்கம். பேருந்து இருக்கையிலிருந்து என்ன தெரியுமோ அதைத்தான் கெய்னர் இரண்டு வருஷமாகச் செய்திருக்கிறார். ஊருக்கு எந்தப் பக்கம் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

"திருப்பிப் போட முடியாதா?"

"திருப்பினா தண்டவாளம் சேராது." கிளிஃபர்ட் தாடையைச் சொறிந்தார். "வேன்ல ஒரு வெத்துப் பலகை இருக்கு. இந்த வருஷம் அதப் போட்டுக்குவோம். அடுத்த வருஷம் பாப்போம்மா."

வெளியே குடைகளோடு வரிசை நின்றுகொண்டிருந்தது. கெய்னர் மேசைக்கடியில் போய் முதல் திருகாணியைக் கழற்றினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து, அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இரண்டாவது திருகாணி பாதி சுழன்றது. நின்றது. மேசைக்கடியிலிருந்து அந்த ஆண்பிள்ளைக் குரல் வந்தது.

"கிளிஃப், ரோடு அடைச்சிருந்தா நாங்க பஸ்ஸ ஷெட்டுலயா நிறுத்துறோம்?"

"என்ன?"

"சுத்தி விடுவோம். மாத்துப் பாதை. ஜனங்களச் சுத்தி விடு. அந்த ஓரமா உள்ள வரட்டும், பின்னால நின்னு பாக்கட்டும், இந்த ஓரமா போவட்டும்."

டென்னிஸ் அலறினார். "பின்னாலயா? என் சாப்பாட்டு டப்பா அங்கதான் இருக்கு!"

"மூடி வை."

"வயரெல்லாம் தொங்குது. நம்ம முதுகு தெரியும். கயித்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தர விட்டதில்ல," என்றார் கிளிஃபர்ட். "நான் கிளப்புக்கு வந்த நாள்லேந்து…"

"தெரியும் கிளிஃப். எட்டு வயசுலயே தெரியும்."

கிளிஃபர்ட் மேசையைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் போய், முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, பாலத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார். "பஸ்ஸ ஓட்டுறது யாரு?" என்று கேட்டார்.

"வேற யாரு? கையுறையப் பாரு, விரல் வெட்டியிருக்கும்."

கிளிஃபர்ட் சத்தமில்லாமல் சிரித்தார். அதன்பின் கயிறு கட்டியிருந்த தூணுக்கு நடந்தார். பழைய முடிச்சு, இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பல்லால் கடித்தும் பார்த்தார். கடைசியில் கெய்னர்தான் தன் வெட்டிய கையுறை விரல்களை விட்டு நெம்பி அவிழ்த்தார். அட்டையொன்றில் மாற்றுப் பாதை என்று எழுதி, அம்புக்குறி போட்டு, மலையின் முதுகில் குத்தி வைத்தார்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. நனைந்த கோட்டுகள் அம்பைப் பார்த்துத் திகைத்து, பிறகு கோயில் பிரகாரம் சுற்றுவது போல ஒவ்வொருவராகப் பின்னால் நுழைந்தன. தொங்கும் வயரைப் பார்த்தன, பிளாஸ்கைப் பார்த்தன. யாரோ டென்னிஸின் டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தார்கள். "தொடாதீங்க, நகந்து போங்க, பெரியவர்க்கு வழி விடுங்க," என்று மூன்று வருஷம் நடத்துனராக இருந்தவர்போலக் கிளிஃபர்ட் கத்திக்கொண்டிருந்தார். கத்துவதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

கெய்னர் இப்போது கிளப்பில் இன்னொரு பலகை செய்துகொண்டிருக்கிறார், ஏரிக்கரைத் திருப்பம். இதற்கும் பேருந்து இருக்கையில் உட்கார்ந்துதான் பார்க்கிறார். எந்தப் பக்கம் முகம் என்று யாரும் கேட்கவில்லை. புதுக் கயிறு வாங்குவதைப் பற்றியும் பேச்சில்லை.

கண்காட்சியன்று பகல், ஆள் நெரிசலுக்கு நடுவில் கெய்னர் குமிழைப் பிடித்திருந்தார். அவர் ஓட்டிய ரயில் டென்னிஸின் சுரங்கத்திலிருந்து வெளிவந்தது. எதிர்ப்பாதையில் ஸ்டேஷனிலிருந்து கிளிஃபர்டின் ரயில் வந்தது. கல்பாலத்தின் கீழே, ஆடுகளின் முன்னால், இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. எதிர் எஞ்சினின் சன்னலில் அரிசிமணி அளவில் ஓர் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். கெய்னரின் உள்ளங்கை குமிழை விட்டு அசையவில்லை. நான்கு விரல்கள் மட்டும் எழுந்து அடங்கின.