பத்துக்குப் பத்து போட்ட வாக்கியம்

அறுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. என் கணவருக்கு அந்தமானில், மாயாபந்தரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. கல்யாணமான நாலாம் மாதம் மெட்ராஸில் கப்பல் ஏறினேன். போர்ட் பிளேர் வரைக்கும் வாந்தி, அங்கிருந்து மாயாபந்தருக்குச் சின்னக் கப்பலில் மறுபடியும் வாந்தி. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள், பி.ஏ. படித்த பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

வகுப்பில் முப்பது பிள்ளைகள். பாதிப் பேர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் தெலுங்கு, மலையாளம், ராஞ்சிப் பக்கம். நம் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர். எல்லோருக்கும் பொதுவாக அந்தத் தீவுக்கென்று ஓர் இந்தி இருந்தது. எனக்கு அது அரைகுறை. வங்காளம் சுத்தமாகத் தெரியாது. நான் இந்தி பேசினால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன். என் வகுப்பில் இங்கிலீஷைத் தவிர வேறு எந்தப் பாஷையும் பேசக் கூடாது. கண்டிப்பான டீச்சர் என்று ஊரில் பெயர் வந்தது. நானும் அதை மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பயிற்சி வைப்பேன். ஒரே இங்கிலீஷ் வார்த்தையை வெவ்வேறு பொருளில் வைத்து நாலு வாக்கியம் எழுத வேண்டும். 'ரன்' என்று கொடுத்தால் மனிதன் ஓடுவான், வண்டி ஓடும், கடை நடக்கும், மூக்கும் ஒழுகும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி. அந்த வெள்ளிக்கிழமை நான் வைத்திருந்த வார்த்தை 'ஓப்பன்'.

அன்று காலை நான் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு வங்காளிப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் இருந்த குடியேற்றக் கிராமத்திலிருந்து தினமும் படகில் வருபவள். பதினோரு வயதிருக்கும். அதிர்ந்து பேசாத பிள்ளை. இந்தியும் வங்காளமும் கலந்து என்னவோ வேகமாகச் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. "இன் இங்கிலீஷ்" என்றேன். அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கரும்பலகையில் மாதிரி வாக்கியங்கள் எழுதினேன். கதவைத் திறப்பது, பள்ளிக்கூடம் திறப்பது, பூ விரிவது, மறைப்பில்லாத வெளிக்கடல். அவரவர் சொந்தமாக நாலு எழுதுங்கள் என்றேன். பெரும்பாலோர் கதவுக்குப் பதில் ஜன்னல், பூவுக்குப் பதில் குடை என்று மாற்றிக் கொண்டுவந்தார்கள். இவள் நோட்டில் முதல் மூன்றும் அப்படித்தான். நாலாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து என் அம்மா கண்ணைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாள். அட, கண்ணைத் திறப்பது நமக்கே தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம். 'ஃப்ரம் தர்ஸ்டே' என்று அவள் எழுதியிருந்ததை அடித்து, சிவப்பு மையில் 'சின்ஸ்' என்று போட்டேன். பத்துக்குப் பத்து.

அதோடு விட்டேனா? 'சின்ஸ்' எங்கே வரும் என்று புரியவைக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது என்று அதைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே உரக்கச் சொல்லவைத்தேன். மூன்று தடவை. முப்பது பிள்ளைகளும் ராகம் போட்டுச் சொன்னார்கள். அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கூடச் சேர்ந்து சொன்னாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுத்து வைக்கும் அக்கா ஒருத்தி உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. வீட்டுக்காரர் சொந்தப் படகில் மீன்பிடிப்பவர். பள்ளிக்கூடத்தில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது அவளிடம் மட்டும்தான். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "காலையில பிள்ளைய எல்லாம் பாட்டு மாதிரி என்னமோ சொல்லிச்சுவளே, என்ன டீச்சர் அது?" என்று கேட்டாள். நான் பெருமையாக அர்த்தம் சொன்னேன்.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, "எந்தப் பிள்ளைக்கி அம்மா?" என்றாள்.

அது சும்மா பயிற்சிக்கு எழுதிய வாக்கியம் அக்கா, நிஜமில்லை என்றேன்.

"சும்மா எழுதுனதுன்னா கிழமை எதுக்கு டீச்சர் சொல்லுது?"

 சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். படகுத்துறைக்குப் போகும் பாதையில், சாப்பாடு எதுவும் கொண்டுவராமல், தனியாக நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் கூட்டிச் சேர்த்து, உன் அம்மாவுக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லையா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போலா தா, பெஹன்ஜி," என்றாள் அவள். "ஆப் போலா, இங்க்லிஷ் மே போலோ."

சொன்னேனே, நீங்கள்தானே இங்கிலீஷில் சொல்லச் சொன்னீர்கள் என்கிறாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட வந்த அக்காதான் அவளிடம் தீவு இந்தியில் மீதியைக் கேட்டுச் சொன்னாள். அப்பாவுக்கு மரம் வெட்டும் கேம்ப்பில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். அம்மாவுக்குக் காய்ச்சல். நேற்றுக் காலையிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, காய்ச்சல் இறங்கினால் எழுந்துவிடுவாள் என்று பச்சிலை அரைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் தனியாகப் போக இவளுக்குப் பயம். சர்க்கார் ஆள் என்று இவளுக்குத் தெரிந்தது டீச்சர் ஒருத்திதான். தங்கையை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னிடம் சொல்வதற்காகவே படகேறி வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நல்ல மனிதர். நான் பாதி சொல்லும்போதே பையை எடுத்துவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் படகுத்துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "வத்தம் ஆரம்பிச்சாச்சு டீச்சர். தண்ணி வடிஞ்சா கழிக்குள்ள படகு போவாது. சட்டுனு ஏறுங்க" என்றார். அது வடிந்தால் மறுபடி நீர் ஏறும்வரை சேறுதான். காலையில் வகுப்பில் நான் வீணாக்கிய நேரம்தான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

கழிக்குள் இரண்டு இடத்தில் படகு தரை தட்டியது. அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார். வீட்டில் அந்த அம்மா பாயில் கிடந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். ஐந்து வயதுத் தங்கை ஈரத்துணியை அம்மா நெற்றியில் வைத்து எடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். மலேரியா மூளைக்கு ஏறியிருக்கிறது என்று சொல்லி டாக்டர் அங்கேயே ஊசி போட்டார். ராத்திரி கழியில் நீர் ஏறியதும், பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் கிடத்திப் படகுக்குக் கொண்டுவந்தோம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அம்மா கண் திறந்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். 'நல்ல வேளை டீச்சர், நீங்கள் கண்டுபிடித்தீர்கள்' என்றும் சொன்னார். நான் கண்டுபிடிக்கவில்லை, பத்துக்குப் பத்து போட்டேன் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. என் கணவரிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

அடுத்த வாரம் சட்டத்தை எடுத்துவிட்டேன். நான் இந்தி பேசினேன், பிள்ளைகள் நான் பயந்த மாதிரியே சிரித்தார்கள். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டு மறுபடி கைக்கு வந்தபோது, பழைய பக்கத்தைத் திருப்பி அந்த மார்க்கை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். 'என் மார்க்கை ஏன் அடித்தீர்கள்' என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் நோட்டுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மை வைக்குமுன், 'எந்தப் பிள்ளைக்கி அம்மா' என்று அந்த அக்கா ஈரக் கையோடு என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.